ஞானப்பூ மேடத்தின் இரண்டு கட்டை

செய்தி வந்தபோது நானும் என் மகளும் புதியம்புத்தூர் பேருந்து நிறுத்தத்தில் கோவில்பட்டி வண்டிக்காகக் காத்து நின்றோம். ஞானப்பூ மேடத்தைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தோம். விடிந்ததிலிருந்தே தூறல். கைப்பேசியில் மேடத்தின் எண் வந்தது. பஸ் ஏறிவிட்டாயா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இந்தா கிளம்பிட்டோம் மேடம்" என்று நான்தான் முதலில் பேசினேன். மறுபக்கம் அவருடைய அக்கா அன்னக்கனி இருந்தார்.

"எம்மா, நான் அன்னக்கனி பேசுதேன். தங்கச்சி போயிட்டாம்மா. காலையில காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன், எந்திரிக்கல. இன்னைக்கு நீ பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அதான் உனக்கு மொதல்ல சொல்லுதேன்."

பேருந்து வந்து நின்றது. நான் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றேன். "ஏறுதியளா இல்லையாம்மா?" என்று நடத்துநர் சத்தம் போட்டார். ஏறிக்கொண்டேன். வேறெங்கே போவது? ஜன்னலோரம் உட்கார்ந்த கயல், "பாட்டு டீச்சர் வீட்டுக்குத்தானம்மா போறோம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

மேடத்திடம் படித்தவர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள் பலரும் இந்த நினைவு மலருக்கு எழுதிவிட்டீர்கள். துக்க வீட்டுக்கு எல்லோரும் வந்துபோன பிறகு கடைசியாக வந்து நிற்பவளைப் போல இப்போது நான் எழுதுகிறேன். நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, அதற்குத் தும்மல் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுகிற என்னைப் போன்றவளுக்கு உட்கார்ந்து நாலு வரி எழுத இவ்வளவு நாளாயிற்று. அதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. அன்று நான் அவரிடம் ஒரு கேள்விக்குப் பதில் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பதில் கிடைக்காமல் எனக்கு எழுத வரவில்லை.

கேள்வி கயலைப் பற்றியது. அவள் படிக்கும் பள்ளியில் குழந்தைகள் தின விழாவுக்குச் சேர்ந்து பாட ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் வகுப்பு மிஸ் என்னைத் தனியே அழைத்தார். நல்ல பெண், சின்ன வயது. "கயல் ரொம்ப ஆர்வமா பாடுதா மேடம். ஆனா அவ குரல் மட்டும் தனியாக் கேக்கு. மத்த பிள்ளைங்க குரல் அமுங்கிப் போகுது. மேடையில வாய மட்டும் அசைச்சாப் போதும்னு வீட்ல சொல்லிக் குடுங்களேன்" என்றார்.

என் மகளின் குரல் கனமானது. பிறந்தபோதே அப்படித்தான். என் கணவர் நடத்தும் ரெடிமேட் தையல் கூடத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனால், மெஷின் மிதிக்கும் பெண்கள், "வாங்க அண்ணாச்சி, சரக்கு எடுக்க வந்தியளா?" என்று அவளைக் கேலி செய்வார்கள். அவளும் கெக்கெக்கென்று சிரிப்பாள். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை.

மிஸ் சொன்னதை மேடத்துக்குப் போனில் சொல்லி, வாயசைக்கப் பழக்கட்டுமா என்று கேட்டேன். கழுத்தில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெறும் காற்றாகிப்போன அந்தக் குரலில், "சனிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வா. நேர்ல சொல்லுதேன்" என்றார். அந்தச் சனிக்கிழமையில்தான் நாங்கள் பேருந்தில் இருந்தோம்.

*

பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் படித்தவள். மேடம் இசைத் துறையில் குரலிசைப் பேராசிரியர். ஆசிரியர் வேலைக்குப் போக நினைக்கும் பிற துறை மாணவர்களுக்காகக் குரல் பயிற்சி என்று ஒரு விருப்பப் பாடமும் நடத்தினார். இசைத் துறைக்காரர்கள் அவரிடம் பாடக் கற்றார்கள், எங்களைப் போன்றவர்கள் பேசக் கற்றோம். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவரிடம் படித்த யாருக்கும் முதல் வகுப்பு மறக்காது. வகுப்பறைக்குள் விடமாட்டார். விளையாட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போவார். ஒருவரைத் தூரத்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்வார். "பாட வேண்டாம். உன் பேரச் சொல்ல வேண்டாம். வீட்ல யாரையாச்சும் கூப்பிடுவேல்லா, அதே மாதிரி கூப்பிடு."

என் முறை வந்தது. என் தம்பியை நினைத்துக்கொண்டு, "ஏலே முருகா, சாப்பிட வா" என்றேன். வேப்பமரத்தடியில் நின்றவள் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் சிரிப்பு. மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல பகல்ல யாரும் தூங்குவாவளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா மில் காவல்காரர். இரவு முழுக்க வேலை, பகலில்தான் தூக்கம். எங்கள் வீடு ஒற்றை அறை. அம்மாவும் நாங்களும் சிரிப்பது, சண்டை போடுவது எல்லாம் அவர் விழித்துவிடாத சத்தத்தில்தான். அப்படித்தான் பேசவே பழகினோம்.

"ஆமா மேடம். அப்பா தூங்குவாங்க."

"அதான பாத்தேன். இது உன் குரலே இல்ல. அப்பாவ எழுப்பிராத குரல். அப்பா இங்கன இல்லட்டி. இப்பக் கூப்பிடு."

கூப்பிட்டேன். வேப்பமரத்தில் இருந்த மைனாக்கள் எழும்பிப் பறந்தன. அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது என்பதை நம்ப எனக்கே நேரமாயிற்று. மேடம் தரையில் வைத்திருந்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உனக்கு நாலரை" என்றார்.

பாட்டுக்காரர்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையில் பாடுவார்கள், ஆண்கள் ஒன்றிலோ ஒன்றரையிலோ. மேடம் இரண்டு கட்டையில் பாடினார். ஒரு பெண் இரண்டு கட்டையில் பாடுகிறார் என்றால், திரைக்குப் பின்னால் நின்று கேட்பவர் ஆண் பாடுவதாகத்தான் நினைப்பார். அவருடைய வாழ்க்கை முழுவதுமே இந்த இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

*

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு சிறிய கரிசல் ஊரில் பிறந்தவர். சோளக்காட்டில் குருவி விரட்டிய குரல் அது. "எங்க காட்டுல எதிரொலி கிடையாது" என்று ஒருமுறை வகுப்பில் சொன்னார். "மலை இல்ல, பாறை இல்ல, தடுக்க ஒரு தோப்பு இல்ல. கத்துனா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். திரும்பி வராது. அப்புறம் ஒரு நாள் கோயில்ல பாட்டுக்குச் சேத்தாவ. வாயத் திறந்தேன் பாரு, செவுத்துல பட்டு என் குரல் எங்கிட்டயே வந்துட்டு. யாரோ பின்னால நின்னு பாடுதாவன்னு பயந்து திரும்பிப் பாத்தேன். அன்னைக்குத்தான் என் குரல நானே கேட்டேன்."

அந்தத் தேவாலயப் பாடகர் குழுவில் அவர் குரல் மற்றச் சிறுமிகளோடு ஒட்டவில்லை. குழுவை நடத்தியவர் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். ஒரு கிறிஸ்துமஸ் முழுக்க அப்படியே நின்றாராம். புதுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாயை அசைத்துக்கொண்டு. மகளின் குரலைச் சரிசெய்ய அவருடைய அம்மா ஊர் ஊராக வைத்தியரிடம் அழைத்துப் போயிருக்கிறார். "அதிமதுரம், சித்தரத்தை, நான் தின்னாத வேரு இல்ல. குரல் மாறல, வயிறுதான் கெட்டுப்போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோமே தவிர, பாவாடையோடு நின்ற அந்தச் சிறுமியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இசை படிக்கப் போன இடத்தில் பெண்களுக்கெல்லாம் ஐந்து கட்டை என்று வைத்திருந்தார்கள். எட்டிப் பிடித்துப் பாடிப் பாடித் தொண்டையில் புண்ணாகிவிட்டது. மருத்துவர் பல மாதங்களுக்கு வாயையே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பேச்சில்லாமல் இருந்த அந்த மாதங்களில்தான் ஒரு முடிவுக்கு வந்ததாகச் சொன்னார். இனி வாயைத் திறந்தால் தன் கட்டையில்தான் திறப்பது, இல்லாவிட்டால் மூடியே இருப்பது.

*

அந்த முடிவை அவர் காப்பாற்றியதை ஒருமுறை நேரில் பார்த்தேன். கோவில்பட்டியில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய ஆண்டு விழாவில் அவருடைய கச்சேரி. தம்புரா தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மிருதங்கக்காரர் மேடையேறி உறையைப் பிரித்தார். மேடத்தின் முகம் மாறியது. உள்ளே இருந்தது சின்ன மிருதங்கம், உயர்ந்த சுருதிக்கு உரியது. அதை இரண்டு கட்டைக்கு இறக்கினால் தோல் தொங்கிப்போய்த் தொப்புத் தொப்பென்று கேட்கும்.

விழாவை நடத்திய தீப்பெட்டி ஆலை அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "டீச்சர், பொம்பளையாள் பாடுதாவன்னு சொல்லிவிட்டோம். அவரு பொம்பள மிருதங்கத்தக் கொண்டாந்துட்டாரு. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் ஏத்திப் பாடிருங்களேன்."

மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். நல்ல பாரியான உடம்பு.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சட்டை என்ன சைஸு?"

"நாப்பத்து நாலு."

"புதியம்புத்தூர்ல சொல்லி முப்பத்தாறுல ரெடிமேட் ஒண்ணு வாங்கித் தாரேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் போட்டுக்கிட்டு இங்கன உக்காருதியளா?"

"மூச்சு முட்டிரும்லா!"

"எனக்கும் அதான்."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம், இல்லை ஐந்தில் எட்டிப் பாடித் தப்பித்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மிருதங்கக்காரரிடம், "அண்ணே, அத உறையில போட்டுட்டு எனக்குக் கையால தாளம் போடுங்க" என்றார். வயலின்காரர் தந்திகளை இறக்கிக்கொண்டார். மிருதங்கம் உறைக்குள் கிடக்க, அந்தப் பெரிய வித்வான் கச்சேரி முடியும்வரை தொடையில் தட்டித் தாளம் போட்டார்.

முதல் பாட்டில் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆம்பளையா பொம்பளையா என்று யாரோ கேட்டது எங்களுக்கே கேட்டது. இரண்டாவது பாட்டில் சமையல்கட்டுப் பாத்திரச் சத்தம் நின்றது. அதன்பிறகு வேறு சத்தமே இல்லை. முடிந்ததும் அண்ணாச்சி சால்வையோடு வந்து நின்றார். "டீச்சர், எல்லாரும் பாடுனா பாட்டு மேலருந்து வரும். இது தரையிலருந்துல்லா வந்துச்சு" என்றார். எத்தனையோ மேடைகளில் என்னென்னவோ பாராட்டு வாங்கியவர், இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

*

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. எடுத்தால் குரல் போகலாம், எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை. எடுத்தார்கள். குரல் போய்விட்டது. பேச்சு வந்தது, அதுவும் வெறும் காற்றாக. பாட்டு வரவே இல்லை.

மீதிக் காலத்துக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று துறையில் அன்போடுதான் சொன்னார்கள். அவர் வகுப்புக்கு வந்தார். கடைசியாக அவரிடம் படித்த தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாணவருக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாராம். தவறு வரும் இடத்தில் கை மட்டும் உயரும். முன்பெல்லாம் பாடிக் காட்டித் திருத்திய இடத்தை, அவர்களே தேடிப் பிடிக்கும்வரை காத்திருப்பாராம். "இத்தன வருசமா நான் பாடிக் காட்டிப் பாடிக் காட்டி, உங்க குரலுக்கு மேல என் குரலப் பூசிக்கிட்டே இருந்திருக்கேன்" என்றாராம்.

நான் பார்க்கப் போனபோது, "பாட்டு போயிட்டுட்டி, காது இருக்கு" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆனால் அந்த வீட்டில் வானொலியோ தொலைக்காட்சியோ எதுவும் ஓடவில்லை. ஒருமுறை அக்கா அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடியபோது மேடம் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அக்கா பாட்டை நிறுத்தி, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

*

கயல் பிறந்து அழுத முதல் அழுகையைக் கேட்டே நான் பயந்தேன். "பயல் அழுத மாதிரில்லா இருக்கு" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். தூத்துக்குடியில் மருத்துவரிடம் காட்டினோம். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். இன்னொருவரிடம் காட்டினோம். அவரும் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு மேடத்திடம் ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் கயல் அழ ஆரம்பித்தாள். நான் வழக்கம்போல, "ஸ்ஸ், ஸ்ஸ்" என்று வாயைப் பொத்தப் போனேன்.

"நிப்பாட்டாத. அழட்டும். நான் கேக்கணும்லா" என்றார் மேடம்.

பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் ஆர்மோனியத்தின் துருத்தியை அமுக்கி, மறு கையால் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கட்டையின் சத்தமும் பிள்ளையின் அழுகையும் ஒன்றாகப் படிந்தன. கயல் சட்டென்று நிறுத்தினாள். இன்னொருவர் எங்கே அழுகிறார் என்பதுபோல அறை முழுக்கத் தேடிப் பார்த்தாள். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

"உன் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. கனத்த குரல், அவ்வளவுதான்."

"மாத்த முடியுமா மேடம்?"

அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

"எதுக்கு?" என்றார்.

என் கைப்பேசியை வாங்கி அதில் சுருதிப் பெட்டிச் செயலியைப் போட்டுக் கொடுத்தார். அழுதால் வாயைப் பொத்தாதே, இதைப் போடு என்றார். தன்னுடைய இரண்டு கட்டையிலேயே வைத்தும் கொடுத்தார். பாட முடியாதவர், தன் சுருதியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் என் மகள் தூங்கினாள்.

*

அந்தச் சனிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் கழுத்துத் தழும்பு தெரியாமல் துணி சுற்றிப் படுத்திருந்தார். கயல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு டீச்சர் எப்ப எந்திரிப்பாவ?" என்றாள், அவளுடைய அந்தக் கனத்த குரலில். வீட்டிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "மெதுவா, மெதுவா" என்றேன். அன்னக்கனி அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "எந்திரிக்க மாட்டாம்மா. நீ நல்லாக் கேளு, அவளுக்குக் கேக்கட்டும்" என்று சொல்லி அழுதார்.

சொந்த ஊரிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மறுநாள் மழை விட்டிருந்தது. கரிசல் நனைந்தால் உங்களுக்குத் தெரியும், கால் வைத்த இடத்தைவிட்டு எடுக்க விடாது. பேராசிரியர்கள், பாடகர்கள், தீப்பெட்டி ஆலை அண்ணாச்சி எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்தபடி, பாதத்தில் அப்பிய மண்ணோடு கல்லறைத் தோட்டம்வரை நடந்தோம். சுற்றிலும் உளுந்து முளைத்து இரண்டிலை விட்டிருந்தது. அவர் சொன்னதுபோலவே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை குரலைத் தடுக்க எதுவும் இல்லை.

ஜெபம் முடிந்து அடக்கப் பாட்டு. ஊர்ப் பாடகர் குழுவை நடத்தும் வாத்தியார் எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போல நல்ல உயரத்தில் எடுத்தார். குழுவில் இருந்த சில பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வரி மேலே ஏறியதும் ஆண்கள் விட்டுவிட்டார்கள், வயதான பெண்களும் விட்டுவிட்டார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். அத்தனை கூட்டமும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. அன்னக்கனி அக்காவும் வாயைத்தான் அசைத்தார்.

பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய காதுக்குப் பக்கத்தில், இப்படியா?

முதல் சரணம் முடிந்ததும், "வாத்தியார், கொஞ்சம் இறக்கி ஆரம்பிங்களேன்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. அப்பாவை எழுப்பிவிடாத குரல். மூச்சை இழுத்துக்கொண்டு, மைதானத்தில் வேப்பமரத்தைப் பார்த்துக் கூப்பிட்ட அதே குரலில் மறுபடியும் சொன்னேன். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எவ்வளவும்மா இறக்கணும்?"

கைப்பேசியை எடுத்துச் சுருதியைப் போட்டுக் காட்டினேன். அவர் காதில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டு கட்டையில்லா? பொம்பளையளுக்கு ரொம்ப அடியில போயிருமே."

அன்னக்கனி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இறக்குங்க வாத்தியாரே. அவ கட்டை அதான்."

இரண்டாவது சரணம் அங்கிருந்து எழும்பியது. முதலில் ஆண்கள், பிறகு கிழவிகள், பிறகு எல்லோரும். அண்ணாச்சியும் வார்த்தை தெரியாமல் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். குழுவிலிருந்த பெண்கள் கொஞ்சம் தடுமாறி, மேல் ஸ்தாயியில் தங்களுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டார்கள். அப்போது என் இடுப்பிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கயல். தினமும் தூங்கப்போகும்போது கேட்ட சுருதி அல்லவா, அவளுக்கு அது வீடு மாதிரி. வார்த்தை எதுவும் இல்லாமல், ஆ என்று வாயை முழுக்கத் திறந்து பாடினாள்.

என் கை தானாக அவள் வாயை நோக்கிப் போனது. பழக்கம். பாதி வழியில் நின்றது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் வைத்தேன். முதுகு பாட்டோடு அதிர்ந்துகொண்டிருந்தது. பாட்டு கரிசல் காட்டின்மேல் போனது, போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் பட்டுத் திரும்பி வரவில்லை. அப்போதுதான் அவர் இல்லை என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

*

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம், "கயல் வாயசைக்க மாட்டா மிஸ். பாட்டக் கொஞ்சம் இறக்கி ஆரம்பிச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் தயங்கினார், பிறகு எடுத்துப் பார்த்தார். அதுவரை கீச்சிட்டுக் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சாதாரணமாகப் பாடினார்கள். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

விழாவன்று கயலின் குரல் அப்போதும் தனியாகத்தான் கேட்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குப் பின்வரிசையில் யாரோ, "அது யார் வீட்டுப் பயலு?" என்று சிரித்தார்கள். அந்தப் பழைய பயம் வந்தது. அது போய்விட்டது என்று சொன்னால் மேடம் நம்பமாட்டார்.

அவருடைய ஆர்மோனியம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. சால்வைகளை அக்கா ஊரில் கொடுத்துவிட்டார். என்னிடம் அவர் நினைவாகப் பொருள் எதுவும் இல்லை, கைப்பேசியில் இரண்டு கட்டையில் நிற்கும் சுருதியைத் தவிர. இன்னொன்று, மைதானத்தில் அவர் என்னிடமிருந்தே எடுத்து எனக்குக் கொடுத்தது. அந்தக் குரலைத்தான் விழாவில் எடுத்தேன். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்படி, என் நாலரைக் கட்டையில் சொன்னேன்:

"பயல் இல்ல. அது என் மக."